காணா உருவை எழுதுதல்: புதுச்சேரி எழுத்துத் துணியும் நுண்ணுலக அறிவியலும்

ஆய்வுச் சுருக்கம்

அறிவியலிலிருந்து, குறிப்பாக நுண்ணோக்கியும் ஊடுகதிரும் காட்டிய உருவங்களிலிருந்து, ஊக்கம் பெற்ற துணிக்கலை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பாவிலிருந்தே தொடங்குகின்றன. அவற்றில் அறிவியல் கொடுப்பதாகவும் துணி பெறுவதாகவும் அமைகின்றன. 1734ஆம் ஆண்டளவில் புதுச்சேரியில் பதிவுசெய்யப்பட்ட துணி எழுதும் முறையை முன்வைத்து இப்பார்வையை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது. நுண்ணுலகம் துணியின்மேல் வரையப்படும் உருவமாக வருவதற்கு முன்பே, துணியின் உள்ளே நிகழும் வினையாக இக்கலையில் இடம்பெற்றிருந்தது என்பதே இக்கட்டுரையின் கருத்து. அவ்வினையைக் கையாண்ட தொழிலாளரின் அறிவை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் வினாவும் இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: எழுத்துத் துணி, சீட்டி, சாயவேர், நிறமூன்றி, அவுரி, நுண்ணோக்கி, புதுச்சேரி.

முன்னுரை

துணிக்கும் அறிவியலுக்கும் உள்ள உறவை இரண்டு வகையாகக் காணலாம். ஒன்று, அறிவியல் கண்ட உருவத்தைத் துணி தன் கோலமாக ஏற்பது. உயிரணு, படிகம், மகரந்தத் துகள், கடல்வாழ் நுண்ணுயிர் ஆகியவற்றின் வடிவங்கள் நெசவிலும் அச்சிலும் தையலிலும் இடம்பெறுவது இவ்வகை. மற்றொன்று, துணி உருவாகும் முறையே அறிவியலின் ஆய்வுப்பொருளாவது. கலை வரலாற்று நூல்கள் முதல் வகையை விரிவாகப் பேசுகின்றன. இரண்டாம் வகை தொழில்நுட்ப வரலாற்றின் ஓரத்தில் தங்கிவிடுகிறது. இப்பிரிவினையால் தமிழகக் கடற்கரையின் துணிக்கலை, 'அறிவியல் சார்ந்த கலை' என்னும் தலைப்பின் கீழ் வராமலே போகிறது. புதுச்சேரி ஆவணங்களைக் கூர்ந்து நோக்கினால் இவ்விரு வகைகளுக்கும் இடையிலான எல்லை அத்துணை உறுதியானதன்று என்பது புலனாகும்.

படிக உருவங்களும் 1951ஆம் ஆண்டு விழாவும்

முதல் வகைக்குப் பலரும் காட்டும் சான்று, 1951இல் இலண்டனில் நடந்த பிரித்தானிய விழாவை ஒட்டி உருவான வடிவமைப்புத் திட்டமாகும். கேம்பிரிட்ஜில் பணியாற்றிய படிகவியலாளர் எலன் மெகா, ஊடுகதிர் ஆய்வில் கிடைக்கும் அணு அமைப்பு வரைபடங்கள் திரைச்சீலைகளுக்கும் சுவர்த்தாள்களுக்கும் ஏற்ற கோலங்களாகும் என்பதை உணர்ந்திருந்தார். தொழில் வடிவமைப்புக் கழகத்தைச் சேர்ந்த மார்க் ஆர்ட்லண்ட் தாமஸ் இக்கருத்தைச் செயலாக்கினார். 28 உற்பத்தி நிறுவனங்கள் இத்திட்டத்தில் பங்கேற்றன. டோரதி ஆட்சுகின் ஆராய்ந்த இன்சுலின், மேக்ஸ் பெரூட்சு ஆராய்ந்த ஈமோகுளோபின் ஆகியவற்றின் வரைபடங்கள் கோலங்களாயின. ஆஃப்வில்லைட் என்னும் கனிமத்தின் அமைப்பைக் கொண்டு மரியான் ஸ்ட்ராப் வடிவமைத்த திரைச்சீலைத் துணி இவற்றுள் புகழ்பெற்றது.

இத்திட்டத்தில் அறிவியலாளரின் வரைபடம் முதலில் தோன்றியது. வடிவமைப்பாளர் அதனைத் துணிக்கு ஏற்ப மாற்றினார். ஆலை அதனை நெய்தது அல்லது அச்சிட்டது. துணி இங்கு ஒரு தளம் மட்டுமே. இன்சுலின் கோலம் தாளில் அச்சிடப்பட்டாலும் கண்ணாடியில் பொறிக்கப்பட்டாலும் அதன் பொருள் மாறுவதில்லை. துணி தனக்கே உரிய முறையில் நுண்ணுலகத்தோடு கொள்ளும் தொடர்பை இச்சான்று காட்டவில்லை. அத்தொடர்பைக் காண நுண்ணோக்கியின் தொடக்க காலத்திற்குச் செல்ல வேண்டும்.

நுண்ணோக்கியின் கீழ் முதல் துணி

1665இல் வெளிவந்த 'மைக்ரோகிராஃபியா' நூலில் இராபர்ட் ஊக் முதலில் நோக்கிய பொருள்களுள் மென்துணியும் பட்டும் உள்ளன. வெறுங்கண்ணுக்கு இழை புலப்படாத மென்துணி, நுண்ணோக்கியின் கீழ் முரட்டுப் பாய்போலத் தோன்றியதை அவர் பதிவுசெய்தார். நுண்ணுயிர்களை முதன்முதலில் கண்டு எழுதியவர்களுள் தலைசிறந்தவரான லேவன்ஹூக், டெல்ஃப்ட் நகரில் துணி வணிகராக இருந்தவர். ஆகவே, நுண்ணோக்கியின் வரலாறும் துணியின் வரலாறும் தொடக்கத்திலேயே அண்டை வீடுகளாக இருந்தன.

தமிழ் மரபிலும் துணியின் நுண்மை கண்ணின் எல்லையைக் கொண்டே அளக்கப்பட்டது. பார்வை நுழைய இயலாத நுண்மை உடையதாக ஆடையைப் புனையும் இடம் பொருநராற்றுப்படையில் உண்டு. ஊக்கின் கண்ணாடி அந்நுண்மையைக் கலைத்துப் பாயாக்கியது. தமிழ்ப் புலவர் அதனைக் காண இயலாமையாகவே நிறுத்திப் போற்றினார். இரண்டு பார்வைகளுக்கும் அடிப்படை ஒன்றே. துணி என்பது கண் நின்றுவிடும் இடத்திற்கு அப்பாலும் அமைப்பு உடைய பொருள் என்னும் உணர்வு அது.

இன்றைய அறிவியல் இவ்வுணர்வை உறுதிசெய்கிறது. பருத்தி இழை ஒவ்வொன்றும் விதைத்தோலிலிருந்து வளர்ந்த ஒற்றை உயிரணு. அதன் நீளம் ஏறத்தாழ 2 முதல் 3 செ.மீ.; அகலம் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ ஆகும். காய் வெடித்து உலரும்போது உயிரணுவின் உட்குழல் தட்டையாகி, இழை முறுக்கிய நாடாபோல ஆகிறது. நூற்பதற்கு அம்முறுக்கே துணைசெய்கிறது. ஆதலின் பருத்தித் துணியின்மேல் உயிரணுவின் உருவத்தை வரையும் கலைஞர், உயிரணுக்களின்மேலேயே வரைகிறார்.

புதுச்சேரியில் உருவான துணி ஏடு

சோழமண்டலக் கடற்கரையில் தூரிகை போன்ற கோலால் வண்ணம் எழுதப்பட்ட பருத்தித் துணிகள் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய வணிகக் குழுமங்களின் முதன்மைச் சரக்குகளுள் ஒன்றாக விளங்கின. வணிக வழக்கில் இவை சீட்டி எனப்பட்டன. பிரெஞ்சுக்காரர் எழுதிய துணி என்னும் பொருள்படும் பெயரால் வழங்கினர். தமிழில் 'எழுதுதல்' என்னும் வினை எழுத்துக்கும் ஓவியத்துக்கும் பொதுவானது. ஆகவே 'எழுத்துத் துணி' என்னும் தொடரே இக்கட்டுரையில் ஆளப்படுகிறது.

இத்துணிகளின் வண்ணம் துவைக்கத் துவைக்கப் பொலிவு குன்றாதிருந்தது. அக்காலத்து ஐரோப்பியச் சாயக்காரரால் பருத்தியில் இதனைச் செய்ய இயலவில்லை. தம் கம்பளி, பட்டுத் தொழில்களைக் காக்கும் பொருட்டு, பிரெஞ்சு அரசு 1686 முதல் 1759 வரை வண்ணம் எழுதிய பருத்தித் துணிகளைத் தடைசெய்திருந்தது. தடை நடப்பில் இருந்தபோதே அத்துணியின் மருமத்தை அறியும் முயற்சியும் நடந்தது.

அம்முயற்சியின் நடுவில் நின்றவர் சார்ல் துஃபே. மின்னூட்டம் இருவகைப்படும் என்பதைக் கண்டறிந்த இயற்பியலாளர் அவர். பாரிசு அரச தாவரத் தோட்டத்தின் தலைவராகவும் இருந்தார். பிரான்சின் சாயத்தொழிலைக் கண்காணிக்கும் பொறுப்பையும் ஏற்றிருந்தார். அவருடைய வேண்டுகோளை ஏற்று, கடற்படை அலுவலரான போலியூ 1734ஆம் ஆண்டளவில் புதுச்சேரியில் தம் கண்முன்னே ஒரு துணியை எழுதச் செய்தார். ஒவ்வொரு படிநிலை முடிந்ததும் துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து, அந்நிலையில் நிகழ்ந்ததை விவரித்து எழுதினார். துணித்துண்டுகள் இணைந்த அக்கையெழுத்துப் படி இன்று பாரிசு தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் நூலகத்தில் உள்ளது.

அது பாதுகாக்கப்படும் இடம் கருதத்தக்கது. கலைக்கூடத்தில் அன்றி, தாவரங்களும் கனிமங்களும் தொகுக்கப்பட்ட இயற்கை அறிவியல் நிறுவனத்தில் புதுச்சேரித் துணி இடம்பெற்றது. உலர்தாவர ஏட்டில் இலையை ஒட்டுவதுபோல இங்குத் துணித்துண்டு ஒட்டப்பட்டது. ஒரு வினையை இடையிடையே நிறுத்தி, ஒவ்வொரு நிலைக்கும் மாதிரி எடுக்கும் இம்முறை அறிவியல் ஆய்வுக்குரியது.

போலியூவின் ஏட்டிற்குத் துணையாக அமைவன இயேசு சபைத் துறவி கேர்தூவின் மடல்கள். 1732இல் தென்னிந்தியாவுக்கு வந்து, பின்னர்ப் புதுச்சேரியில் வாழ்ந்து 1779இல் அங்கேயே மறைந்த இவர், வடமொழிக்கும் கிரேக்க, இலத்தீன மொழிகளுக்கும் உள்ள ஒப்புமையை 1767இல் எழுதியவராக மொழியியல் மாணவர்க்கு அறிமுகமானவர். துணி எழுதும் முறை பற்றி 1742இலும் 1747இலும் அவர் எழுதினார். தம்மிடம் புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற தொழிலாளரிடம் கேட்டறிந்ததாக அவரே குறிப்பிடுகிறார். கடுக்காய், சாயவேர் முதலிய பெயர்கள் பிரெஞ்சு ஒலிப்பில் அம்மடல்களில் இடம்பெற்றுள்ளன.

துணி எழுதும் முறை

இவ்வாவணங்கள் வழி அறியப்படும் செய்முறையின் பொது வடிவம் வருமாறு. பாதி வெளுத்த துணி, கடுக்காய்த் தூள் கலந்த எருமைப்பாலில் நனைக்கப்பட்டு, வெயிலில் உலர்த்தப்பட்டு, கட்டையால் அடித்து வழவழப்பாக்கப்படும். துளையிட்ட தாளின்மேல் கரித்தூளைத் தட்டிக் கோலத்தின் வரை துணியில் இறக்கப்படும். கருப்புக் கோடுகள் இரும்புக் கரைசலால் எழுதப்படும். இரும்பைக் கள்ளிலும் புளித்த கஞ்சியிலும் ஊறவைத்து அக்கரைசல் பெறப்பட்டது. சிவப்பு வரவேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலால் எழுதுவர். நீலம் வேண்டிய இடங்களை விடுத்து ஏனைய பகுதிகளை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் தோய்ப்பர். மெழுகை நீக்கிய பின், துணியைச் சாயவேர் நீரில் கொதிக்கவைப்பர். பின்னர்ச் சாணக் கரைசலில் ஊறவைத்து, நீர் தெளித்து வெயிலில் விரித்து, பின்புலத்தின் கறையைப் போக்குவர். மஞ்சள் இறுதியில் எழுதப்படும்; நீலத்தின்மேல் மஞ்சள் எழுதினால் பச்சை தோன்றும்.

இவற்றுள் படிகாரம் எழுதும் நிலையே இக்கட்டுரையின் நோக்கில் தலையாயது. படிகாரக் கரைசல் நிறமற்றது. எழுதுபவருக்குத் தாம் எழுதிய இடம் தெரியாது. ஆகவே அதனுடன் சிறிது சப்பங்கக் கட்டையின் சாயத்தைக் கலப்பர். அச்சிவப்பு நிலையற்றது, எழுதும்போது கைக்கு வழிகாட்டிவிட்டுப் பின்னர் மறைந்துவிடும். சாயவேர் நீரில் கொதிக்கும்போது முன்பு படிகாரம் பட்ட இடங்கள் மட்டும் நிலையான சிவப்பாக வெளிப்படும். எழுத்துத் துணியின் ஓவியர் முதலில் எழுதுவது காணா உருவம். கொதிநீர்தான் அதனைக் காட்டுகிறது.

காணா உருவின் வேதியியல்

சாயவேர் என்பது இம்பூறல் செடியின் வேர். சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் பற்றி 1795இல் வெளிவரத் தொடங்கிய நூலில் வில்லியம் ராக்ஸ்பரோ இச்செடியைப் படத்துடன் விவரித்தார். இவ்வேரின் முதன்மைச் சாயப்பொருள் அலிசரின். ஐரோப்பாவில் மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து இப்பொருளை ரோபிகே, கோலின் ஆகியோர் 1826இல் பிரித்தெடுத்தனர்.

அலிசரின் பருத்தியைத் தானாகப் பற்றுவதில்லை. படிகாரத்திலுள்ள அலுமினிய அயனி ஒருபுறம் இழையையும் மறுபுறம் சாய மூலக்கூறையும் பிணைக்கிறது. இவ்வாறு சாயத்தை இழையில் ஊன்றச் செய்யும் பொருளை நிறமூன்றி என்பர். கடுக்காயின் துவர்ப்புப் பொருள் அலுமினியத்தையும் இரும்பையும் பருத்தியில் தங்கவைக்கிறது. பாலின் கொழுப்பு, எழுதிய கரைசல் கோட்டைத் தாண்டிப் படராமல் தடுக்கிறது. அலிசரின், அலுமினியம் ஆகியவற்றுடன் கால்சியமும் இணையும்போது சிவப்பு மேலும் உறுதிப்படுகிறது. துணி எழுதுவோர் எல்லாக் கிணற்று நீரையும் ஏற்காமல், சுவையில் கடுமை உடைய நீரைத் தேர்ந்ததை கேர்தூ குறிப்பிடுகிறார். கால்சியம் மிகுந்த கடின நீர் என அதனை இன்று விளங்கிக்கொள்ளலாம்.

மேலும், ஒரே வேர்ச்சாயம் படிகாரத்தின்மேல் சிவப்பாகவும், இரும்பின்மேல் கருமை கலந்த ஊதாவாகவும், இரண்டும் கலந்த இடத்தில் இடைநிறங்களாகவும் மாறுகிறது. எனவே ஒரு கொதிப்பில் பல நிறங்கள் ஒருங்கே தோன்றும். எழுத்துத் துணியின் ஓவியர் நிறத்தைக் கோலில் ஏந்தவில்லை. நிறம் பிறக்கும் நிபந்தனையை ஏந்தினார்.

நீலத் தொட்டியின் உயிரிகள்

சிவப்பில் மூலக்கூறு செயல்பட்டதுபோல, நீலத்தில் நுண்ணுயிர் செயல்பட்டது. அவுரியின் நீலம் நீரில் கரையாதது. அதனைக் கரையும் வடிவத்திற்கு ஒடுக்கினாலன்றி இழைக்குள் செல்லாது. சோழமண்டலக் கரையில் சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துத் தொட்டியை நொதிக்கவிடும் முறை இருந்தது. காரத்தன்மை உடைய அந்நீரில் வளரும் பாக்டீரியாக்கள் நீலத்தை ஒடுக்குகின்றன. தொட்டியிலிருந்து எடுக்கும் துணி மஞ்சள் கலந்த பச்சையாக இருந்து, காற்று பட்டதும் நீலமாகிறது. ஐரோப்பிய மரபுமுறைச் சாயத்தொட்டி ஒன்றிலிருந்து இத்தகைய பாக்டீரியா ஒன்று பிரித்தெடுக்கப்பட்டு, 1999இல் குளோஸ்டிரிடியம் ஐசாட்டிடிஸ் எனப் பெயரிடப்பட்டது. தொட்டியின் மணம், மேல்நுரை, நீரின் நிறம் ஆகியவற்றைக் கொண்டு அதன் நிலையை அறிந்த சாயக்காரர், பெயரறியாத உயிர்க்கூட்டத்தைப் பேணி வந்தவராவார்.

புதுச்சேரிப் பகுதிக்கும் நீலத்திற்கும் உள்ள தொடர்பு நெடியது. அரிக்கமேட்டில் 1945இல் அகழாய்வு செய்த மார்ட்டிமர் வீலர், அங்குக் கிடைத்த செங்கல் தொட்டிகளைச் சாயத் தொட்டிகள் எனக் கருதினார். பின்வந்த ஆய்வாளர் இதனை ஐயுற்றுள்ளனர். எனவே அதனை முடிந்த சான்றாகக் கொள்ள இயலாது. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சான்று உறுதியானது. புதுச்சேரியின் நீலத் துணி செனகல் ஆற்றங்கரையில் பிசின் வணிகத்தின் நாணயம்போல் வழங்கியது. இன்று அண்டையிலுள்ள ஆரோவில்லில் நொதித்தல் முறையில் அவுரிச் சாயமேற்றும் தொழிற்கூடம் இயங்குகிறது.

அறிந்தவர் யார்?

இங்கு இரண்டு மிகைகளைத் தவிர்க்க வேண்டும். துணி எழுதியோர் மூலக்கூற்று வேதியியலை அறிந்திருந்தனர் என்பது ஒரு மிகை. அலுமினிய அயனி, பாக்டீரியா என்னும் கருத்துகள் அவர்களிடம் இல்லை. அவர்கள் பழக்கத்தால் செய்தனர், அறிவியலார் அறிவால் விளக்கினர் என்பது மற்றொரு மிகை. போலியூ புதுச்சேரியில் எழுதிய காலத்தில் பாரிசு அறிவியலாரிடமும் சரியான விளக்கம் இல்லை. துஃபேக்குப் பின் சாயத்தொழில் கண்காணிப்பை ஏற்ற ழான் எல்லோ, வெப்பத்தால் விரியும் இழைத்துளைகளில் சாயத்துகள் புகுந்து, படிகாரம் போன்ற உப்பால் அடைபடுகிறது என்று கருதினார். உலோக அயனியைச் சுற்றி மூலக்கூறுகள் பிணையும் முறையை ஆல்ஃபிரட் வெர்னர் 1893இல்தான் விளக்கினார். ஆகவே 1734இல் இருதரப்பினருக்கும் காரணம் தெரியாது. விளைவை முன்கூட்டி அறிந்து நடத்தும் ஆற்றல் ஒரு தரப்பினரிடம் மட்டும் இருந்தது.

எனினும் ஆவணத்தில் பெயருடன் நிற்பவர்கள் கேட்டவரும் எழுதியவரும் அனுப்பியவருமே. துணியை எழுதிக் காட்டிய கைக்குரியவர் பெயரின்றி நிற்கிறார். 1759இல் தடை நீங்கியதும், 1760இல் ஓபர்காம்ப் பாரிசுக்கு அருகில் ஜூயி என்னும் ஊரில் அச்சுத்துணி ஆலை தொடங்கினார். 1868இல் கிரேபே, லீபர்மன் ஆகியோர் அலிசரினைச் செயற்கையாக உருவாக்கினர். 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. சாயவேர் தோண்டியோர், அவுரி பயிரிட்டோர், எழுதியோர் ஆகியோரின் வாழ்வு இவற்றால் தாக்குண்டது. அறிவு இடம்பெயர்ந்த பாதைக்கு ஆவணம் உண்டு. அவ்வறிவின் உரிமையாளருக்கு ஆவணம் இல்லை. 'அறிவியலால் ஊக்கம் பெற்ற துணிக்கலை' என்னும் தொடரை ஆராயாமல் ஏற்கும்போது இவ்விடைவெளியையும் சேர்த்தே ஏற்கிறோம்.

தமிழ் ஆய்வுக்குரிய பணிகள்

இப்பொருளில் தமிழாய்வாளர் மட்டுமே செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. பிரெஞ்சு ஒலிப்பில் உருமாறி நிற்கும் தொழிற்சொற்களைத் தமிழ் வடிவத்திற்கு மீட்டு, தமிழகத்துச் சாயத்தொழில் வழக்குச் சொற்களோடு ஒப்பிட்டுத் தொகுப்பது அது. 1736 முதல் 1761 வரை எழுதப்பட்ட ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, துணி வணிகத்தின் புதுச்சேரித் தமிழைப் பேணுகிறது. போலியூ, கேர்தூ பதிவுகளுக்கு மிக அணுக்கமான காலத்தது அது. மூன்றையும் இணைத்து வாசிக்கும் ஆய்வு, சாய வேதியியலுக்குத் தமிழில் முன்னரே இருந்த சொல்வளத்தை வெளிக்கொணரும்.

கலைஞர்க்கும் புதுச்சேரியில் வாய்ப்பு உண்டு. 1955இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் வெப்பமண்டலத் தாவரங்களின் மகரந்தத் துகள்கள் ஆயிரக்கணக்கான கண்ணாடி வில்லைகளில் தொகுக்கப்பட்டுள்ளன. 1986இல் மறைந்த மகரந்தவியலாளர் தணிகைமணி இத்துறையை வளர்த்தவர். முள், வலை, பள்ளம், துளை எனப் பல்வகைப் புறவேலைப்பாடு கொண்டவை மகரந்தத் துகள்கள். இவ்வுருவங்களை அச்சிடுவதோடு நில்லாமல், படிகாரத்தால் எழுதிச் சாயவேரால் வெளிப்படுத்தினால், கட்டுரையின் தொடக்கத்தில் பிரித்துக் காட்டிய இரண்டு வகைகளும் ஒரே துணியில் சந்திக்கும்.

முடிவுரை

1951ஆம் ஆண்டுத் திட்டம் அறிவியலின் படத்தைத் துணியில் இட்டது. புதுச்சேரியின் எழுத்துத் துணி, படம் எடுக்கப்படாத நுண்ணுலகத்தைக் கொண்டு கோலத்தை உருவாக்கியது. முன்னதில் நுண்மை கருப்பொருள். பின்னதில் நுண்மை கருவி. ஆகவே அறிவியல் சார்ந்த துணிக்கலையை வரையறுக்கும்போது உருவ ஒப்புமையை மட்டும் அளவுகோலாகக் கொள்வது பொருந்தாது. செய்முறையின் நுண்மையும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். அவ்வாறு கொள்ளின், சாயவேரும் கடுக்காயும் அவுரியும் அறிந்த சோழமண்டலத் தொழிலாளர் இக்கலை வரலாற்றின் முன்பகுதியில் இடம்பெறுவர். அவர்தம் பெயர்கள் நமக்குக் கிடைக்காமற் போகலாம். அவர்தம் சொற்கள் இன்னும் கிடைக்கும் நிலையில் உள்ளன. அவற்றைத் தொகுப்பதே இத்துறையில் முதலில் செய்யத்தக்கது.